பக்கத்தில் இருப்பவர் கையில் மருந்து

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பென் நார்த் என்று ஒரு பகுதி இருக்கிறது. 2025 ஜூலை 10 காலையில் அங்கே ஆட்கள் அடுத்தடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். ஃபென்டனில் என்ற போதைமருந்தோடு வேறொரு மயக்க மருந்தும் கலந்த சரக்கு அங்கே புழங்கியிருந்தது. 27 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. ஆறு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் இந்த நகரம், 2024-க்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 6,000 பேரைப் போதைமருந்துக்குப் பறிகொடுத்தது. அப்படிப்பட்ட ஊரில் அன்று ஓர் உயிரும் போகாததற்கு ஆம்புலன்ஸ் ஊழியர்களின் வேகம் ஒரு காரணம். நலாக்சோன் என்ற மாற்று மருந்தை நீண்ட காலமாக ஊருக்குள் புழங்கவிட்டது இன்னொரு காரணம். 2004 முதலே போதைமருந்து பயன்படுத்துவோருக்கு நகரச் சுகாதாரத் துறை அதைக் கொடுத்துப் பழக்கியது. 2015-இல் அப்போதைய சுகாதார ஆணையர் லீனா வென், நகரவாசிகள் தனித்தனி மருந்துச்சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் அதை வாங்க வழிசெய்தார். போதைச் சாவைத் தடுக்க ஒரு நகரம் ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு எங்கே போக வேண்டும் என்பதற்கு இதில் விடை இருக்கிறது: விழுந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவரிடம்.

ஃபென்டனில் ஹெராயினைவிடச் சுமார் 50 மடங்கு வீரியமுள்ளது. பழக்கமில்லாத உடம்புக்கு 2 மில்லிகிராமே எமனாகலாம். அது மூளைக்குள் மூச்சை இயக்கும் பகுதியை அமுக்கிவிடுகிறது. தொண்டையில் குறட்டைபோல ஒரு கரகரப்பு கேட்கும், கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், உதடு நீலம்பாரிக்கும். பிராணவாயு நின்றுபோனால் நான்கைந்து நிமிடங்களில் மூளை சேதமாகத் தொடங்கும். எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸும் எப்போதும் அதற்குள் வந்துவிட முடியாது. நலாக்சோன் ஸ்ப்ரே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வெள்ளைக் குப்பி. மூக்கின் ஒரு துவாரத்தில் நுனியை வைத்து அடியிலுள்ள பித்தானை அழுத்தினால் போதும், இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு திரும்பத் தொடங்கும். கொடுத்தது போதாவிட்டால் இன்னொரு குப்பி. இதன் வேலை 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதால் ஆம்புலன்ஸையும் உடனே அழைத்தாக வேண்டும். விழுந்தவர் உடம்பில் ஃபென்டனில், ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகை மருந்து இல்லாவிட்டாலும் இதனால் கெடுதல் இல்லை. 2023 முதல் அமெரிக்காவில் எங்கும் சீட்டில்லாமல் விற்கிறார்கள். ஆனால் அப்படி விற்பனைக்கு வந்தபோது இரண்டு குப்பியின் விலை சுமார் 45 டாலர்; அதைக் கொடுக்க ஏழைகளால் முடியாது. இலவசமாக வழங்க நகரத்தின் பணம் தேவைப்படுவது இதனால்தான்.

அந்தப் பணம் பால்டிமோருக்கு வந்த வழி முக்கியமானது. ஓபியாய்டு வகை வலிநிவாரண மாத்திரைகளை ஊரெங்கும் குவித்த நிறுவனங்கள்மீது நகரம் வழக்குப் போட்டது. கார்டினல் ஹெல்த், டெவா, வால்கிரீன்ஸ், சிவிஎஸ், அலர்கன் ஆகியவை சமரசமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது 40.25 கோடி டாலர். மெக்கெசன், சென்கோரா இரண்டும் மேலும் 26.6 கோடி கொடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். மறு ஆண்டு நீதிபதி அதை 5.2 கோடியாகக் குறைத்தார். பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்த வீடுகளின் கணக்கில் வந்த பணம் இது. 1998-இல் சிகரெட் நிறுவனங்கள் 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டபோது, அதை எதற்குச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை இல்லை. பெரும்பகுதி பொதுச் செலவில் கரைந்தது, புகைப்பழக்கத்தைத் தடுக்கப் போனது சிறு பங்குதான். அந்தத் தவறு இங்கே திரும்பக் கூடாது.

உயிர் திரும்பிய பிறகு என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. அங்கேதான் மீண்டவர்களின் துணை வேண்டியிருக்கிறது. போதையிலிருந்து மீண்டு, பயிற்சி பெற்று, சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்பவர்கள் இவர்கள். மருத்துவமனைக் கட்டிலுக்கு வருவார்கள், மெத்தடோன், புப்ரெனார்பின் போன்ற மருந்துகளால் தரும் சிகிச்சைக்குக் கூட்டிப்போவார்கள், தங்க இடமும் அடையாள அட்டையும் பெற உடன் அலைவார்கள். குடியிலிருந்து மீண்டவரே குடிப்பவருக்குக் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களை நம் ஊரிலும் பார்க்கிறோம். அதே அனுபவ அறிவுதான் இதற்கும் வேர். சிறை வாசலில் இவர்கள் நிற்பது இன்னும் அவசியம். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் போதைமருந்தால் சாகும் ஆபத்து மற்றவர்களைப்போல 129 மடங்கு இருந்தது. உள்ளே இருந்த நாளில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், வெளியே வந்ததும் பழைய அளவையே எடுப்பார்கள்.

‘காப்பாற்ற மருந்து இருக்கிறது என்றால் பயமில்லாமல் போதை ஏற்றுவார்களே’ என்பது பலருக்கும் வரும் சந்தேகம். நலாக்சோன் போதை தராது. இருக்கிற போதையையும் பிடுங்கி, வாந்தியும் நடுக்கமுமாக ஆளை எழுப்பிவிடும். அதை நம்பி யாரும் ஆசையாகச் சாவின் விளிம்புக்குப் போவதில்லை. மாசசூசெட்ஸின் 19 ஊர்களில் 2002 முதல் 2009 வரை நடந்ததை ஆராய்ந்தபோது, நலாக்சோனும் அதைக் கொடுக்கும் பயிற்சியும் பரவலாகப் போன இடங்களில் சாவு விகிதம், போகாத இடங்களைவிட 46 சதவீதம் குறைவாக இருந்தது. செலவு வீண் என்பவர்களுக்கு 2013-இல் வெளியான ஒரு மதிப்பீடு பதில் சொல்கிறது: ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு 227 நலாக்சோன் பெட்டிகளைக் கொடுத்தால் ஓர் உயிர் மிஞ்சும். மீண்டவர்களே மறுபடி விழுந்துவிடலாமே என்ற கவலை நியாயமானது. அதற்கு மருந்து நல்ல சம்பளமும் மேற்பார்வையும், அவர்களுக்கே கிடைக்கும் ஆதரவும்தான். ஓராண்டு மானியத்தில் வேலைக்கு எடுத்து, மறு ஆண்டு கைவிட்டால் அவர்களும் உடைவார்கள், அவர்களை நம்பி வந்தவர்களும் உடைவார்கள்.

அமெரிக்கா முழுவதும் 2023-இல் சுமார் 1,05,000 பேரைக் கொன்ற போதைமருந்து, 2024-இல் சுமார் 80,000 பேரைக் கொன்றது. தெருவுக்கு வரும் சரக்கு மாறியது உட்படப் பல காரணங்கள் இதில் கலந்திருக்கின்றன. நலாக்சோனுக்கு மட்டும் இந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது. சாவு குறைகிறதே என்று பணத்தை வேறு பக்கம் திருப்ப இதைச் சாக்காகவும் கொள்ள முடியாது. இறந்தவர் எவரையும் எந்தச் சிகிச்சையாலும் திருத்த முடியாது. ஆகவே இழப்பீடாக வந்த பணத்தை நகரங்கள் முதலில் தெருமுனைகளில் வழங்கும் நலாக்சோனுக்கும் மீண்டவர்களின் சம்பளத்துக்கும் கொடுக்கட்டும், ஆண்டு தவறாமல் கொடுக்கட்டும்.