கோப்பையில் ஒளிந்திருக்கும் விழிப்பு

விடியற்காலையிலே கட்டுக்கரைக் குளத்து அணைக்கட்டு வழியே நடந்தால், வயலுக்குப் புறப்படும் உழவர் கையில் வெறுந்தேநீர்க் கோப்பையுடன் நிற்கக் காணலாம். அருவியாற்று நீர் தேக்கம் அணையினின்று இக்குளத்துக்கு வருவது பழங்கதை. தேயிலை வந்ததோ நேற்றுத்தான்.

அதற்கு முன் வந்தது கோப்பி. 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. செடி மாறினும் அதனுள் உறையும் பொருள் மாறவில்லை. அதுவே கபீன். 1819இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ரூங்கே அதனைக் கோப்பிக் கொட்டையினின்று பிரித்தெடுத்தார்.

இங்கே ஒரு வியப்பு. எடைக்கு எடை பார்த்தால், பொதுவாகக் கோப்பிக் கொட்டையைவிடத் தேயிலையிலேயே கபீன் மிகுதி. ஆயினும் ஒரு கோப்பைத் தேநீருக்கு இரண்டு கிராம் இலை போதும். வடித்த கோப்பிக்கோ பத்துக் கிராம் தூள் வேண்டும். ஆகவே தேநீரில் ஏறக்குறைய 40 மில்லிகிராமும், கோப்பியில் 90 மில்லிகிராம் அளவும் கபீன் இறங்குகின்றன. சாயம் கடுக்கக் கடுக்கத் தேநீரின் கணக்கும் ஏறும். கடைகளில் விற்கும் சக்திப் பானத்தின் 250 மில்லிலீற்றர்த் தகரக் குவளையில் 80 மில்லிகிராம் உண்டு. சீனியும் தாராளமாய் உண்டு!

கபீன் நமக்குப் புதுப் பலம் எதனையும் தருவதில்லை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து, "உறங்கு" என்று உணர்த்துகிறது. அது சென்று அமரவேண்டிய ஆசனத்தில் கபீன் முந்தி அமர்ந்துகொள்கிறது. களைப்பு நீங்குவதில்லை, மறைக்கப்படுகிறது. நாள்தோறும் அருந்துவோர் திடீரென நிறுத்தினால் தலையிடி வரும். நோன்பின் முதல் நாள் தலையிடிக்குப் பலவேளை இதுவே காரணம்.

பரீட்சைக்குப் படிக்கும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. உட்கொண்ட கபீனிற் பாதி கழிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செல்லும். இரவு எட்டு மணிக்கு அருந்திய கோப்பியிற் பாதி, பின்னிரவு ஒரு மணிக்கும் உடலில் நிற்கும். படித்தவை மனத்தில் உறைவது உறக்கத்திலே அன்றோ? அந்த உறக்கத்தையே கோப்பி கெடுத்தால் யாது பயன்?

கருவுற்ற தாய்மாருக்கோ, பிற்பட்ட மாதங்களில் கபீன் கழிய மேலும் பல மணி நேரமாகும். அது சிசுவையும் சென்றடையும். நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015இல் வரையறுத்தது. ஏனைய வளர்ந்தோருக்கு அது கூறிய எல்லை 400.

இரவில் சூடாக ஏதேனும் வேண்டுமெனில், நம் வீட்டு மல்லிக்கோப்பி இருக்கவே இருக்கிறது. பெயரில் மட்டுமே அது கோப்பி. கொத்தமல்லியிலும் சுக்கிலும் கபீன் கிடையாது. நிறத்துக்காக அடுக்களையில் ஒரு கரண்டி கோப்பித்தூளும் விழுந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.