விரல் மரத்தால் வண்டியையும் கவனியுங்கள்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய பின்னும் உங்கள் விரல்கள் மரத்தே இருக்கின்றனவா? அதை வெறும் களைப்பென்று ஒதுக்கிவிட வேண்டாம்.

கைப்பிடி வழியே நாள்தோறும் ஏறும் அதிர்வு, விரல்களின் நரம்புகளையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் பாதிக்கக்கூடும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், அதிரும் கருவிகளால் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளரின் விரல்கள் குளிரில் வெளுப்பதை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-இல் ஆராய்ந்தார். பிற்காலத்தில் ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் அஞ்சல் வழங்கியோரிடமும் இக்குறை காணப்பட்டது.

கைப்பிடியை இறுகப் பற்றினால் அதிர்வு மிகுதியாகக் கைக்குள் ஏறும். ஆகவே, கட்டுப்பாடு குலையாத அளவில் பிடியைத் தளர்த்துங்கள். மண்சாலையில் வேகத்தைக் குறையுங்கள். நெடும்பயணத்தில் இடையிடையே நிறுத்திக் கைகளுக்கு ஓய்வு கொடுங்கள். டயரில் காற்று உரிய அளவில் உள்ளதா, என்ஜினைத் தாங்கும் போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா, கைப்பிடி ரப்பர் தேய்ந்துள்ளதா, கைப்பிடி முனைகளில் உள்ள எடைகள் கழன்றுள்ளனவா என மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இரவில் மரமரப்பால் உறக்கம் கலைந்தாலும், விரல்கள் வெளுத்தாலும், சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலும் தாமதியாமல் மருத்துவரை நாடுங்கள். நீரிழிவாலும் விரல் மரக்கலாம். எனவே காரணத்தை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். தேநீர்க் குவளை கைநழுவுவதை முதலில் காண்பவர் வீட்டாரே. அவர்கள் அன்றே நினைவூட்டுவது நல்லது. முற்றிய நரம்புச் சேதம் முழுமையாக மீளாமலும் போகலாம்.