கடை செல்போனும் கம்ப்யூட்டரும் சாட்சி சொல்ல வேண்டுமா? முன்கூட்டியே தயாராவோம்

2017 ஜனவரி 28ஆம் தேதி அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதை நம் பகுதி வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எர்ணாவூர் கரையில் எண்ணெய்க் கசடை வாளி வாளியாக அள்ளினார்கள். மீன் வாங்கவே மக்கள் தயங்கினார்கள்.

இத்தகைய விபத்துகளில் விசாரணை அதிகாரிகள் முதலில் கேட்பது கப்பலின் பயணப் பதிவுக் கருவியை. அதில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிக்கொண்டிருக்கும். பழைய கருவிகள் பலவற்றில் 12 மணி நேரப் பதிவுதான் தங்கும். மோதிய கையோடு கேப்டன் அதைப் பத்திரப்படுத்தாவிட்டால், நடந்ததைச் சொல்லும் சாட்சி தானாகவே அழிந்துவிடும்.

நம் கடைக் கேமராப் பெட்டிக்கும் இதே கதைதான். செல்போனும் பில் போடும் கம்ப்யூட்டரும் இதற்கு விலக்கல்ல.

ஓர் உதாரணம் பார்ப்போம். ராயபுரம் மொத்த வியாபாரி ஒருவர், வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரை நம்பித் திருவொற்றியூர் கடைக்கு 40 மூட்டை அரிசி அனுப்புகிறார். இரண்டு மாதம் கழித்து, “நான் கேட்டது 25 மூட்டைதான்” என்கிறார் கடைக்காரர். சிட்டையில் கையெழுத்து இல்லை. ஆதாரம் முழுவதும் செல்போனில் இருக்கிறது. அந்த செல்போனோ எக்ஸ்சேஞ்சில் ரிச்சி தெருவுக்குப் போய்விட்டது. பணம் யாருக்குப் போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

சட்டம் என்ன கேட்கிறது?

எலக்ட்ரானிக் பதிவைச் சான்றாக ஏற்பது நம் ஊருக்குப் புதிதல்ல. இணையத்தில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதிய வழக்கில், 2004லேயே எழும்பூர் நீதிமன்றம் அத்தகைய சான்றை ஏற்றுத் தண்டனை வழங்கியது. நகல் எடுத்துத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம் என்று 2014இலும் 2020இலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவு, சான்றிதழை இரண்டு பாகமாகக் கேட்கிறது. முதல் பாகம் பதிவைத் தாக்கல் செய்பவர் தருவது. இரண்டாவது பாகம் நிபுணர் தருவது. கருவியின் தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண், ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றோடு ‘ஹேஷ்’ என்ற எண்ணும் அதில் இடம்பெற வேண்டும்.

ஹேஷ் என்பதைத் துறைமுகக் கன்டெய்னரில் போடும் எண்ணிட்ட சீல் மாதிரி என்று கொள்ளலாம். ஒரு கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் நீண்ட எண் அது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். ஆகவே எடுத்த நகலில் பின்னால் யாரும் கை வைக்கவில்லை என்பதை நிரூபிக்கலாம்.

தொலைவிலிருந்து எடுப்பது எப்படி?

தடயவியல் நிபுணர் பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கலாம். கடையைப் பூட்டிக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போக வேண்டியதில்லை. நகலெடுக்கும் புரோகிராமை அவர் ஹார்டு டிஸ்கில் ஏற்றிக் கூரியரில் அனுப்புவார், அல்லது இன்டர்நெட் வழியாகத் தருவார். நம் கம்ப்யூட்டரில் அதை அவர் அங்கிருந்தே இயக்க, நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். செல்போனைக் கேபிளில் இணைத்து அதே முறையில் நகலெடுப்பார்கள். வேலை சரியாக முடிவது நம் முன்னேற்பாட்டில்தான் இருக்கிறது.

1. தகராறு என்று தெரிந்த நிமிடமே எதையும் அழிப்பதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக மறையும் வசதி 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று வைக்கப்பட்டிருக்கலாம், அதை அணைத்துவிடுங்கள். கேமராப் பதிவை அன்றைக்கே தனியாக நகலெடுத்து வையுங்கள்.

2. ‘சரிசெய்து கொடுக்கிறேன்’ என்று டாலியில் பழைய தேதிப் பதிவைத் திருத்தாதீர்கள். பேரேட்டில் அடித்து எழுதினால் சந்தேகம் வருவதுபோல் இதிலும் வரும். கம்ப்யூட்டரில் கடிகாரம் தவறாக ஓடினால் அதையும் மாற்றாமல், எத்தனை நிமிட வித்தியாசம் என்று குறித்து நிபுணரிடம் சொல்லுங்கள்.

3. செல்போனில் *#06# அழுத்தி ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவியை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். ஆர்டர் எடுப்பது கடைப் பையனின் சொந்த போன் என்றால் அவரது எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. கடைக்கென்று தனி போன், தனி சிம் வைப்பதே நல்லது.

4. போனைத் திறக்கும் எண், மெயில் பாஸ்வேர்டு, பேக்கப் பாஸ்வேர்டு, கம்ப்யூட்டர் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி ஆகியவற்றை முதல் நாளே தேடி வையுங்கள். ஓ.டி.பி. வரும் சிம் கையில் இருக்கட்டும்.

5. மின்சாரம் போனால் பாதியில் நிற்கும். யு.பி.எஸ்., சார்ஜர், நல்ல கேபிள் தயாராக இருக்கட்டும். கம்ப்யூட்டர் தானாகத் தூங்கும் வசதியையும் தானாக அப்டேட் ஆவதையும் நிபுணரைக் கேட்டு நிறுத்தி வையுங்கள்.

6. 100 ஜி.பி. தகவலை விநாடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால்கூட 11 மணி நேரம் ஆகும். எனவே ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, சீல் வைத்து, ஹேஷ் எண்ணை எழுதி அனுப்புவது உத்தமம். கடை விடுமுறை நாளில் வைத்துக்கொண்டால் வியாபாரமும் கெடாது.

7. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யாருடன் நடந்த பேச்சு என்பதை முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். குடும்பப் படங்களையும் மற்ற வாடிக்கையாளர் கணக்கையும் தேவையின்றித் தர வேண்டாம்.

எத்தனை காலம் வைத்திருப்பது?

கடனுக்குக் கெடு வைக்காமல் விற்ற சரக்கின் பாக்கிக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குக்கு பேக்கப் வைப்பதும், அதிகாரி கேட்டால் கோப்பு விவரமும் பாஸ்வேர்டும் தருவதும் ஜி.எஸ்.டி. விதி 57இன்படி நம் கடமை. 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த நமக்கு, பேக்கப் டிஸ்கைக் கடைக்கு வெளியே உயரமான இடத்தில் வைக்க வேண்டும் என்று தனியே சொல்லத் தேவையில்லை.

ஒரு முக்கிய எச்சரிக்கை

தொலைவிலிருந்து கம்ப்யூட்டரைத் திறக்கும் இதே வழியில்தான் மோசடிக்காரர்களும் வருகிறார்கள். எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொல்லி வங்கிப் பணத்தைச் சுருட்டுவது பற்றி 2019லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. வக்கீல் மூலம் நாமே தேடி, எழுத்தில் நியமித்த நிபுணர் வேறு; தானாகப் போன் செய்து “போலீஸ் பேசுகிறோம், சுங்கத்துறை பேசுகிறோம், செயலியை ஏற்றுங்கள்” என்பவர் வேறு. ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. அப்படி அழைப்பு வந்தால் இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்குப் பேசுங்கள்.

நம் முன்னோர் சிட்டையையும் பேரேட்டையும் கல்லாப்பெட்டிக்கு அடுத்தபடியாகப் பாதுகாத்தார்கள். இன்றைக்கு நம் கொடுக்கல் வாங்கல் செல்போனுக்குள் இருக்கிறது. அந்த மரியாதையை அதற்கும் கொடுப்போம். உறுப்பினர்கள் இந்த வாரமே கடைப் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் குறித்து, ஒரு பேக்கப் எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.