கூரை வீடும் மின்கம்பியும்

தமிழகத்தை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி எல்லை மலைச்சரிவுகளில், அட்டப்பாடி, மறையூர், இடமலைக்குடி போன்ற இடங்களில், புல் வேய்ந்த வீடுகள் நெடுங்காலமாக இருந்து வருபவை. பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940-இலேயே இயங்கத் தொடங்கிற்று. ஆயினும் கேரளத்தின் எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் எட்டியதாக அறிவிக்கப்பட்டது 2017 மே மாதத்தில்தான். ஓட்டு வீடும் கான்கிரீட் வீடும் பெருகிவிட்ட இந்நாளிலும் அடுக்களைச் சாய்ப்புகளும் மாட்டுக் கொட்டகைகளும் கூரையோடு நிற்கின்றன. அவற்றுள்ளும் மின்கம்பி செல்கிறது.

கூரை தீப்பற்றினால் ‘மின்கசிவு’ என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். இச்சொல் பல காரணங்களை ஒருங்கே மூடிவிடுகிறது. காப்புறை பழுதுற்ற கம்பியிலிருந்து மின்னோட்டம் ஈரச்சுவர் வழியே நிலத்துக்குச் செல்வதே கசிவு. இரு கம்பிகள் தொட்டுக்கொள்வது குறுக்குச்சுற்று. ஃபியூஸ் உருகிவிடும், அதற்குள் பொறி ஓலையில் விழாதிருக்க வேண்டும். 2004 சனவரி 23 அன்று திருவரங்கத்துத் திருமண மண்டபத்தில் மின்கோளாற்றால் ஓலைப்பந்தல் பற்றி, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இவ்விரண்டினும் வஞ்சகமானது தளர்ந்த இணைப்பு. 1000 வாட் இஸ்திரிப்பெட்டி 230 வோல்ட்டில் நாலேகால் ஆம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். முறுக்கி நாடா சுற்றிய இணைப்பில் 1 ஓம் தடை உண்டானால், அவ்விடத்தில் ஏறத்தாழ 18 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுது பார்ப்போர் ஈயம் உருக்கும் சிறு சூட்டுக்கோலின் வெப்பம் இதனின் மிக வேறன்று. மின்னோட்டம் மிகாமையால் 5 ஆம்பியர் ஃபியூஸ் உருகாது. போன மின்னோட்டம் முழுவதும் திரும்பி வருவதால், கசிவைக் கண்டு சுற்றைத் துண்டிக்கும் கருவியும் வாளா இருக்கும். காய்ந்த புல்லோ வெப்பத்தை வெளியே விடாது.

ஆகலின் களப்பணியாளர் முதலிற் பார்க்கவேண்டுவது, கம்பி கூரைக்குள் செருகப்பட்டிருக்கிறதா என்பதே. எலி கடிப்பதும் அங்கேதான். அடுப்புப் புகை படிவதும் அங்கேதான். கம்பி சுவரோடு குழாயில் செல்லட்டும். இணைப்புகள் யாவும் திருகாணியிட்ட மூடிய பெட்டியில் அமையட்டும். கசிவுத் தடுப்புக் கருவியும் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் வகை மனித உயிரையும் காக்கும். இணைப்பை அது காக்காது என்பதை மட்டும் வீட்டாருக்கு எடுத்துரைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் மாணவருக்கு ஒன்று பழக்கலாம்: மின்தீயில் நீர் ஊற்றுமுன் மெயின் சுவிட்சை அணைத்தல். அச்சுவிட்சு வாசற்பக்கம், கை எட்டும் உயரத்தில், ஓலை தொடாத இடத்தில் இருத்தல் வேண்டும்.