வரைபடத்தில் மட்டும் இருக்கும் திடல்கள்

தமிழ்நாட்டில் பொது விளையாட்டுத் திடல்கள் இரண்டு வழிகளில் வந்தவை. முதலாவது, ஊர் தோன்றிய நாள்தொட்டுப் பொதுவில் விடப்பட்ட நிலம். மந்தைவெளி, களத்துமேடு, மேய்ச்சல் தரை, கோயிலை ஒட்டிய வெட்டவெளி எல்லாம் இந்த வகை. வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் இவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு புறம்போக்காகவே பதிவாகியிருக்கும். 'விளையாட்டுத் திடல்' என்று எழுதப்பட்டிருப்பது அபூர்வம். மாடு மேய்ந்த தரையில் மாலையில் பிள்ளைகள் சடுகுடு ஆடினார்கள். நெல் அடித்த களத்தில் அறுவடை முடிந்ததும் கிட்டிப்புள் ஆடினார்கள். ஊராருக்கு அது திடல் என்று தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. இந்தக் குறையின் பலனைத்தான் இன்று பல ஊர்கள் அனுபவிக்கின்றன.

இரண்டாவது வகை, நகரம் விரியும்போது சட்டத்தின் வலுவால் கிடைக்கும் நிலம். வயலையோ தோப்பையோ மனைகளாகப் பிரித்து விற்பவர், நகர் ஊரமைப்பு இயக்ககத்திடமோ சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமோ அனுமதி பெற வேண்டும். நிலத்தின் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்குமாக ஒதுக்கி, தானப் பத்திரம் பதிவு செய்து உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். அலுவலகங்களில் இதை 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்பார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளுக்கு ஒரு சலுகை உண்டு. நிலமாகத் தர விரும்பாதவர் அதற்கு ஈடான மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். பணம் உள்ளாட்சியின் கணக்கில் சேரும். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு ஆடும் இடம் அதனால் கிடைத்துவிடாது.

பத்து சதவீதம் என்பது எவ்வளவு இடம் என்று கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. சாலைகள் நீங்கலாக இரண்டரை ஏக்கர் உள்ள மனைப்பிரிவில் சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் அளவுக்கு நிலம் கிடைக்கும். ஆண்கள் கபடிக் களத்துக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும். கைப்பந்துக் களத்துக்கு 18 மீட்டரும் 9 மீட்டரும். இரண்டையும் அமைத்த பிறகும் சிறு குழந்தைகளுக்கு ஊஞ்சல் கட்ட இடம் இருக்கும். ஆனால் 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்ற அளவில் ஒரு முழுக் கால்பந்துத் திடல் வேண்டுமென்றால் 7,140 சதுர மீட்டர் தேவை. பத்து சதவீத ஒதுக்கீட்டில் அது கிடைக்க, சாலைகள் நீங்கலாகவே 17 ஏக்கருக்கும் மேற்பட்ட ஒரே மனைப்பிரிவு வேண்டும். அப்படிப்பட்ட மனைப்பிரிவுகள் மிகக் குறைவு. ஆகவே கால்பந்தும் கிரிக்கெட்டும் ஓட்டப் பயிற்சியும் நடக்கும் பெரிய வெளிகள் பழைய புறம்போக்கிலும் பள்ளி மைதானங்களிலும்தான் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று போனால், அதே ஊரில் அதற்கு ஈடாக இன்னொன்றைப் புதிதாக உண்டாக்க ஒதுக்கீட்டு விதியால் முடியாது. எங்கோ ஒரு மூலையில் மாற்று இடம் தருகிறோம் என்று சொல்லப்படும்போது இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திடல்கள் பறிபோகும் விதம் பலரும் எண்ணுவதுபோல் இரவோடிரவாக வேலி போடும் ஆக்கிரமிப்பாளரால் மட்டும் நடப்பதில்லை. அதைவிடச் சத்தமில்லாத வழிகள் உண்டு. மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கியவர் தானப் பத்திரத்தைப் பதிவு செய்யாமலே விட்டுவிடுவார். பதினைந்து, இருபது ஆண்டு கழித்து, நிலவிலை ஏறிய பிறகு, அவரோ அவருடைய வாரிசுகளோ பூங்கா என்று காட்டிய இடத்தையே மனைகளாக்கி விற்பார்கள். பட்டா அவர்கள் பெயரில் இருக்கும். வாங்கியவரும் ஏமாந்தவர்தான். சில இடங்களில் 'திருத்திய மனைப்பிரிவு' என்ற பெயரில் பூங்காவின் இடம் மாறும், பரப்பு சுருங்கும், கடைசியில் வாய்க்கால் ஓரத்திலோ உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியிலோ ஒரு கூர்முனைத் துண்டாக முடியும்.

மூன்றாவது வழி இன்னும் கடினமானது. ஏனெனில் அது நல்ல நோக்கத்தோடு வருகிறது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு இடம் வேண்டும். நியாயவிலைக் கடைக்கு, அங்கன்வாடிக்கு, சமுதாயக் கூடத்துக்கு, துணை சுகாதார நிலையத்துக்கு இடம் வேண்டும். இவை எல்லாமே ஊருக்குத் தேவையானவை. நிலம் வாங்க நிதி இல்லாத ஊராட்சியின் கண்ணில் முதலில் படுவது காலியாகக் கிடக்கும் திடல். ஒவ்வொரு கட்டடமும் ஒரு மூலையைத்தான் கேட்கும். நான்கு மூலையிலும் கட்டடம் வந்தபின் நடுவில் மிஞ்சுவது வண்டி நிறுத்தும் இடம். எதிர்த்துப் பேசுபவர் ஊர் நன்மைக்கு எதிரானவராகிவிடுவார் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. உண்மையில் அங்கே 'காலி இடம்' என்று எதுவும் இருந்ததில்லை. அங்கே ஒரு பயன்பாடு நடந்துகொண்டிருந்தது. அதற்குக் கட்டடம் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. திடல் சுருங்கும்போது வளர்ந்த பையன்கள் மிஞ்சிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். பைக் இருப்பவர்கள் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். முதலில் வெளியேறுபவர்கள் பெண் பிள்ளைகள், சிறு குழந்தைகள், மாலையில் நடக்க வரும் முதியவர்கள். வீட்டுக்கு அருகில், தாயின் கண் எட்டும் தூரத்தில் இருக்கும் திடல் ஒன்றுதான் பத்து வயதுச் சிறுமியை விளையாட்டுக்குள் கொண்டுவரும். விடுதி வசதியுள்ள மாவட்ட விளையாட்டரங்கம் அதற்கு அடுத்த படி. தமிழ்நாடு அரசு 2024-ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குப் பந்தும் மட்டையும் கொண்டுசேர்க்க வகுக்கப்பட்டது. நல்ல திட்டம். அந்தப் பந்து உருள ஒவ்வோர் ஊராட்சியிலும் தரை இருக்க வேண்டும் என்பதையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் (பாதுகாத்தல் மற்றும் ஒழுங்குபடுத்துதல்) சட்டம் 1959-லேயே இயற்றப்பட்டது. உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் பூங்கா, திடல், திறந்தவெளி அனைத்தையும் பட்டியலிட்டு அரசின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும் என்பதும், அவ்வாறு பட்டியலில் ஏறிய இடத்தை முன் அனுமதியின்றி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பதும் அதன் சாரம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடப்பில் உள்ள இந்தச் சட்டத்தைப் பொதுமக்களில் அறிந்தவர் மிகச் சிலர். பட்டியல்தான் இதன் உயிர். பட்டியலில் ஏறாத திடலுக்கு இந்தச் சட்டத்தின் காவல் முழுமையாகக் கிடைப்பதில்லை.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் பெரும்பாலும் மக்கள் பக்கமே நின்றிருக்கின்றன. பெங்களூரு சதாசிவநகரில் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஓர் இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டுவதற்கு ஒதுக்கினார்கள். சுற்றிலும் குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தனி நீதிபதியிடம் தோற்று, டிவிஷன் பெஞ்சில் வென்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்த வழக்கில் 1991-ல் வந்த தீர்ப்பு இரண்டு விஷயங்களை நிலைநாட்டியது. பூங்கா பறிபோவதைக் கேள்வி கேட்க அப்பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்பது ஒன்று. முறைப்படி நிறைவேறிய திட்டத்தில் பொதுவுக்கு ஒதுக்கிய இடத்தை ஆட்சியாளரின் விருப்பத்துக்காக மாற்ற முடியாது என்பது மற்றொன்று. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்காவும் மக்களின் உடல்நலத்துக்குத்தான் என்பதை நீதிமன்றம் கண்டது.

அதைவிடத் துணிச்சலான தீர்ப்பு 1999-ல் வந்தது. லக்னோவின் அமினாபாத் பகுதியில், சுதந்திரப் போராட்டக் கூட்டங்கள் நடந்த ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் நிலவறைக் கடைவளாகம் கட்ட மாநகராட்சியே ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. மேலே பூங்கா இருக்கும், கீழே கடைகள் இருக்கும், யாருக்கு நட்டம் என்பது அவர்கள் வாதம். கட்டடம் எழும்பிவிட்டது, பெரும் பணம் செலவாகிவிட்டது என்ற வாதமும் வந்தது. உச்ச நீதிமன்றம் எதையும் ஏற்கவில்லை. வளாகத்தின் நான்கு தொகுதிகளில் மூன்றை இடித்துப் பூங்காவைப் பழையபடி மீட்கவும், ஒன்றை வாகன நிறுத்தமாக மாற்றவும் ஆணையிட்டது. மாநகராட்சி மக்களின் பொருட்டுச் சொத்தை வைத்திருக்கும் அறங்காவலர், உரிமையாளர் போல் விலைபேச முடியாது என்பதுதான் இதன் அடிப்படை. கட்டி முடித்துவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு தெரிந்திருக்க வேண்டும்.

கிராமப் பொதுநிலத்துக்கு 2011 ஜனவரியில் வந்த ஜக்பால் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் தீர்ப்பே அரண். பாட்டியாலா மாவட்டத்தில் ஓர் ஊர்க் குளத்தை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டிக்கொண்டவர்களைப் பற்றிய வழக்கு அது. நீண்ட காலம் அனுபவித்தது, அதிகம் செலவழித்தது போன்ற காரணங்களால் ஆக்கிரமிப்பு உரிமையாகிவிடாது என்று நீதிமன்றம் கூறியதோடு, கிராமப் பொதுநிலங்களை மீட்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் ஏரி, குளம் பற்றிய வழக்குகளில் இது அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. மந்தைவெளிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அதே அளவு பொருந்தும்.

நிலம் பொதுவிலேயே இருந்தும் மக்கள் கைவிட்டுப் போகும் வழி ஒன்றும் உண்டு. 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம், செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, ஆடுபவர் ஒருவரிடம் மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது. வியாசர்பாடி போன்ற பகுதிகளில் கால்பந்து ஏழை வீட்டுப் பிள்ளைகளின் ஆட்டம். தினமும் ஒரு மணி நேரம் ஆடினால் மாதம் 3,600 ரூபாய். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் ஆடினால் அது வீட்டு வாடகைக்குச் சமம். எதிர்ப்பு உடனே கிளம்பியது. சில நாட்களிலேயே மாநகராட்சி பின்வாங்கி, திடல்கள் கட்டணமின்றித் தொடரும் என்று அறிவித்தது. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது மெய்தான். தெருவிளக்குக்கும் சாலைக்கும் எந்தக் கணக்கிலிருந்து செலவாகிறதோ அதே கணக்கிலிருந்து திடலுக்கும் செலவாக வேண்டும்.

திடலைக் கட்டிக்காக்கும் வேறொரு முறை பிரிட்டனில் இருக்கிறது. 1925-ல் அங்கே தேசிய விளையாட்டுத் திடல்கள் சங்கம் தொடங்கியது. இன்று அதன் பெயர் 'ஃபீல்ட்ஸ் இன் டிரஸ்ட்'. நில உடைமை உள்ளாட்சியிடமே இருக்க, அந்த நிலம் என்றைக்கும் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டுமே என்று அந்த அமைப்போடு பத்திரம் எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். அடுத்து வரும் மன்றமும் அதற்குக் கட்டுப்பட்டது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் நினைவாக நாடெங்கும் 471 திடல்கள் அமைத்து இப்படிக் காப்பாற்றினார்கள். அங்கும் பொதுத் திடல் பறிபோவது நடக்காமல் இல்லை. ஷ்ரூஸ்பரி நகர மன்றம், 1926-ல் வாங்கப்பட்ட பொழுதுபோக்கு நிலத்தின் ஒரு பகுதியை, சட்டப்படி உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்காமலே 2017-ல் வீடு கட்டுபவரிடம் விற்றது. 2023 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், மக்களுக்குத் தெரிவிக்காமல் நடந்த விற்பனையால் நிலத்தின் மீது மக்களுக்குள்ள உரிமை அழிந்துவிடவில்லை என்று கூறி, கட்டட அனுமதியை ரத்து செய்தது.

அங்கும் இங்கும் வழக்கை வெல்ல வைத்தவை ஆவணங்கள். ஆகவே ஒரு திடலைக் காக்க நினைப்பவர்கள் போராட்டப் பந்தல் போடும் முன் செய்ய வேண்டிய சில வேலைகள் உண்டு. ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்க வேண்டும். அதில் காட்டிய பூங்காவுக்குத் தானப் பத்திரம் பதிவாகியுள்ளதா என்பதை வில்லங்கச் சான்று சொல்லிவிடும். பதிவாகவில்லை என்றால் திடல் இப்போதே ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். கிராமத்தில் 'அ' பதிவேட்டு நகலும் புல வரைபடமும் எடுத்து, அளந்து, எல்லைக்கல் நட வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை நடக்கும் கிராம சபையில், இன்ன புல எண் இன்ன பரப்பு ஊர் விளையாட்டுத் திடல் என்று தீர்மானம் எழுத வைக்க வேண்டும். அதன்பின் வேலியும் பெயர்ப்பலகையும். அங்கே தினமும் ஆட்டம் நடக்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் மேலானது. ஆளில்லாத் திடலின் மீதுதான் கட்டடம் கட்ட முதலில் ஆசை வரும்.

அரசு செய்ய வேண்டியது இதைவிட எளிது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் பட்டியலை ஒவ்வொரு மாநகராட்சியும் நகராட்சியும் பேரூராட்சியும் புதுப்பித்து, புல எண், பரப்பளவு, எல்லை விவரங்களோடு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். கிராம ஊராட்சிகளிலும் இப்படி ஒரு பட்டியல் வேண்டும். தானப் பத்திரம் பதிவாகாத ஓ.எஸ்.ஆர். நிலங்களுக்குக் கெடு வைத்து, பட்டாவை உள்ளாட்சியின் பெயருக்கு மாற்ற வேண்டும். சட்டம் புதிதாக ஒன்றும் தேவையில்லை. இருப்பதைச் செயல்படுத்தினால் போதும்.