இடிந்த கோட்டைக்கும் சட்டம் உண்டு

திருப்பூர்ப் பக்கத்து மங்கலத்தில் தறிகளும் பனியன் கம்பெனிகளும் ஓயும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்துக் கிளம்புகிறவர்களுக்குச் சங்ககிரி மலைக்கோட்டை எட்டும் தூரம்தான். பெருந்துறை, பவானி வழியாகச் சுமார் 2 மணி நேரத்தில் அடிவாரம் வந்துவிடும். திப்பு சுல்தான் கையிலும் பிறகு ஆங்கிலேயர் கையிலும் இருந்த கோட்டை அது. 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டதும் அங்கேதான். ஆடிப் பதினெட்டன்று மாலை போட்டு வணங்கும் இடத்தை மற்ற நாட்களில் கேட்பாரற்ற பாறைக்காடாகவே நடத்துகிறோம். மதில் சரிந்துவிட்டால் உரியவரும் இல்லை, விதியும் இல்லை என்ற எண்ணம் கல்லுக்கும் கேடு, ஏறிப் பார்க்க வருகிறவர் உயிருக்கும் கேடு. அந்தக் கோட்டை நம் எல்லோருக்கும் உரியது. உரியவராக அங்கே நடந்துகொண்டால்தான் நமக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்கவும் முடியும்.

சட்டமே அப்படித்தான் பார்க்கிறது. பழமையான நினைவுச்சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் செல்லும் உரிமையை, விதிகளுக்கு உட்பட்டு, பொதுமக்களுக்குத் தருகிறது. அதே சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சின்னத்தை உடைப்பவருக்கும் சிதைப்பவருக்கும் உருக்குலைப்பவருக்கும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. சுவரில் பெயர் எழுதுவதும் இதற்குள் அடங்கும். மண்ணில் பழங்காசோ செப்புப் பொருளோ தட்டுப்பட்டால் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் இருந்துவரும் சட்டம்.

"ஏற்கெனவே இடிந்ததுதானே, ஒரு பெயர் எழுதினால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பழைய சுண்ணாம்புப் பூச்சைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பதில் தெரியும். ஆணியால் கீறிய கோட்டில் மழைநீர் தங்குகிறது. தங்கிய நீர் உள்ளே இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. கரைந்த பொந்தில் ஆல், அரச விதை விழுந்து வேர் பிடிக்கிறது. வேர் பருத்தால் செங்கல் பிளக்கிறது. பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்று திருப்பூர்க்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முழுதாக நிற்கும் கட்டடம் தாங்கிக்கொள்ளும் காயத்தை இடிந்த கட்டடம் தாங்காது.

அந்தப் பலவீனம்தான் ஏறுபவருக்கும் ஆபத்து. செல்ஃபிக்காகக் கைப்பிடிச்சுவர் மேல் ஏறினால், வெளியே உறுதியாகத் தெரியும் கல் உள்ளே பிடிமானம் இல்லாமல் இருக்கலாம். மலைச் சுனையின் ஓரம் பாசி படிந்திருக்கும். ஆழம் கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்தவரும் வழுக்கினால் பிடித்து ஏற விளிம்பு கிடைக்காது. தத்தளிப்பவரை நோக்கிக் குதிக்காமல் வேட்டியையோ துப்பட்டாவையோ வீச வேண்டும். மலைத்தேனீக் கூடு இருக்கும் இடத்தில் புகை கூடாது, கல்லெறியவும் கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். இடி இடிக்கத் தொடங்கினால் உச்சியில் நிற்காமல் உடனே இறங்க வேண்டும். வேனில் வரும் கூட்டத்தில் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்களும் இருப்பார்கள். ஏறுவதற்கு முன் இவற்றை அவர்கள் மொழியில் சொல்லிவைப்பது, அழைத்து வருகிறவரின் பொறுப்பு.

"தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, எச்சரிக்கைப் பலகைகூட இல்லாத கோட்டைகள் எத்தனையோ, அரசு தன் வேலையைச் செய்யாதபோது எங்களுக்கு மட்டும் ஏன் புத்திமதி?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கோபம் பாட்டிலை உடைப்பதில் முடிந்தால் அரசுக்கு ஒரு வலியும் இல்லை. அடுத்து வரும் குழந்தையின் காலில்தான் கண்ணாடி ஏறும். கோபத்தைத் தாளில் எழுதலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம்: இந்தக் கோட்டைக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எத்தனை காவலர்கள், ஆபத்தான சுவர்கள் எவை? 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. தளர்ந்த மதிலையும் வேலியில்லாத சுனையையும் படம் எடுத்து, தேதியோடு, திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டரிடம் கொடுத்து ரசீது வாங்கலாம். கண்ணெதிரே யாராவது தோண்டினாலோ கல்லைப் பெயர்த்தாலோ நேருக்கு நேர் மோதாமல் 112-க்குச் சொல்வதே பாதுகாப்பு.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கவனிப்பு கிடைத்தால் இடிபாட்டுக்கும் எதிர்காலம் உண்டு என்பதற்கு அது சான்று. சங்ககிரிக்கு அந்தக் கவனிப்பு தானாக வராது. போய்வருகிறவர்கள்தான் கேட்க வேண்டும். அடுத்த ஞாயிறு வேன் பிடிக்கும் குழு, சோற்றுப் பொட்டலங்களோடு ஒரு குப்பைப் பையையும், திரும்பி வந்ததும் எழுதி அனுப்ப ஒரு மனுவையும் தயார் செய்துகொள்ளட்டும். சட்டம் நமக்குத் தந்த நுழைவுரிமைக்கு அப்போதுதான் பொருள் இருக்கும்.