சீசர் எங்கே நின்றார்?

சினிமாவில் ரோமானியத் தளபதி என்றால் வாளை உருவிக்கொண்டு படைக்கு முன்னால் குதிரையில் பாய்வார். நிஜத்தில் அப்படிப் பாய்ந்தவர் தன் வேலையை விட்டுவிட்டுப் போனவர். முதல் வரிசைக்குள் புகுந்துவிட்டால் எதிரே நிற்கும் நாலு பேரைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. லெஜியன் என்ற ஒரு படைப்பிரிவிலேயே 4,000 முதல் 5,000 பேர். இவர்களை நடத்தத் தளபதியிடம் இருந்தவை கொம்பொலி, கொடி, குதிரையில் ஓடும் தூதன், சொந்தத் தொண்டை, இவ்வளவுதான்.

அதனால் வரிசைக்குச் சற்றுப் பின்னால், குதிரைமேல், இடம் மாறிக்கொண்டே இருப்பார். படையை வழக்கமாக மூன்று வரிசையாக நிறுத்துவார்கள். பின்வரிசையை எப்போது, எந்தப் பக்கம் அனுப்புவது என்பதில்தான் தளபதியின் கெட்டிக்காரத்தனம் தெரியும். கி.மு. 48-இல் ஃபார்சாலஸ் போரில், எதிரணித் தளபதி பாம்பேயின் குதிரைப்படை தன் வலப்பக்கத்தைச் சுற்றி வளைக்கப் பார்க்கும் என்று சீசர் கணித்தார். லெஜியனின் உட்பிரிவுகளான கோஹார்ட்டுகளில் ஆறைத் தனியே பிரித்து நான்காம் வரிசையாகப் பின்னால் நிறுத்தினார். கொடி அசைந்ததும் அவர்கள் பாய, குதிரைப்படை சிதறி ஓடியது. போர் அப்போதே முடிந்துவிட்டது என்பேன்.

முன்னே போயே தீர வேண்டிய நேரமும் உண்டு. கி.மு. 57-இல் சாபிஸ் ஆற்றங்கரையில் முகாம் அமைத்துக்கொண்டிருந்த சீசரின் படைமீது நெர்வி இனத்தார் திடீரென்று பாய்ந்தார்கள். 12-ஆம் லெஜியன் வீரர்கள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து, வாள் வீச இடமில்லாமல் திணறினார்கள். கேடயம்கூட இல்லாமல் வந்த சீசர், பின்வரிசை வீரன் ஒருவனுடையதைப் பிடுங்கிக்கொண்டு முன்னே போனார். செஞ்சுரியன்கள் எனப்படும் நூற்றுவர் தலைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வீரர்களை விலகி நின்று வாளுக்கு இடம் விடச் சொன்னார். இதெல்லாம் சீசரே எழுதி வைத்தது. தன்னடக்கம் அவரிடம் எதிர்பார்க்கக்கூடாத குணம். ஆனாலும், எதிரி முகாமைப் பிடித்திருந்த துணைத் தளபதி லாபியேனஸ் 10-ஆம் லெஜியனை உதவிக்கு அனுப்பிய பிறகே நிலைமை மாறியது என்பதை அவர் மறைக்கவில்லை.

தேவையில்லாமல் முன்னே போய் உயிர்விட்டவரும் உண்டு. ரோமின் உச்சப் பதவியான கான்சல் பதவியை ஐந்து முறை வகித்த மார்செல்லஸ், கி.மு. 208-இல் சிறு குழுவுடன் வேவு பார்க்கத் தானே கிளம்பி, கார்த்தேஜ் தளபதி ஹானிபாலின் ஆட்களிடம் சிக்கி இறந்தார். வரலாற்றாசிரியர் போலிபியஸ் இதை மன்னிக்கவில்லை. அவர் மெச்சியது இன்னொரு ரோமானியத் தளபதியான ஸ்கிபியோவை. அதற்கு முந்தைய ஆண்டு, எதிரி நகரமான புதிய கார்த்தேஜில் மூவர் கேடயம் பிடிக்க, போர் முழுவதும் தெரியும் இடங்களில் நின்று ஸ்கிபியோ கட்டளையிட்டார். தாக்குதல் தொடங்கிய அன்றே நகரம் விழுந்தது.